எட்டு வயதுப் பையனைக் காலா மீன் பிடிக்கக் கடலுக்குக் கூட்டிப்போகலாமா?

கேட்டவர் ஆந்திராவில், சூலூர்ப்பேட்டையில் இருக்கிறார். அவருடைய அண்ணன் அமெரிக்காவில், ஓரிகன் மாநிலத்தில். போன கோடையில் அந்த அண்ணன் தன் மகனைப் படகில் ஏற்றிக் கடலுக்குக் கொண்டுபோய், சால்மன் பிடித்து, மீனும் கையுமாகப் படம் அனுப்பியிருக்கிறார். அன்றிலிருந்து இங்கே இருக்கும் எட்டு வயதுப் பையன் "நாமளும் போலாம்பா" என்று அரிக்கிறான். மனைவியின் தம்பிக்குப் பழவேற்காட்டுப் பக்கம் ஒரு குப்பத்தில் பைபர் படகு இருக்கிறது. "ஞாயித்துக்கெழம வாங்க மாமா, புள்ளையக் கூட்டிட்டுப் போயி காலா புடிச்சிட்டு வந்துடலாம்" என்று அவரும் சொல்லிவிட்டார். போகலாமா, என்னென்ன எடுத்துப்போக வேண்டும் என்பது கேள்வி.

தம்பி, தாராளமாகப் போங்கள். ஆனால் படகில் முகத்துவாரத்தைத் தாண்ட வேண்டாம். கடற்கரையில் நின்றே அதே காலாவுக்குத் தூண்டில் போடலாம். பையனுக்கு எட்டு வயது. அவனுக்கு வேண்டியது கையில் தூண்டில் நரம்பு இழுபடும் அந்த ஒரு நொடி. அது கரையிலேயே கிடைக்கும். ஏன் படகு வேண்டாம் என்கிறேன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன், மச்சானிடம் பேசும்போது உங்களுக்கு உதவும். அவர் ஆசையாகக் கூப்பிடுகிறார். சும்மா "பயமா இருக்கு" என்று சொன்னால் அவருக்கு வருத்தமாகிவிடும்.

பழவேற்காடு முகத்துவாரத்தில் இரண்டு தண்ணீர் மோதுகிறது. ஏரிக்குள் ஏறிய தண்ணீர் வற்றும்போது அந்தக் குறுகிய வாய் வழியாக வேகமாக வெளியே ஓடப் பார்க்கும். அதே நேரம் கடலிலிருந்து அலை உள்ளே வரும். வெளியே ஓடும் தண்ணீருக்கு எதிராக வரும் அலைகள் ஒன்றோடொன்று நெருங்கி, செங்குத்தாக எழும்பும். போதாததற்கு வாயில் மணல் தூர்ந்து ஆழம் குறைந்திருக்கும். ஆழம் குறைந்த இடத்தில் அலை உடையும். மணல் திட்டு ஒரே இடத்திலும் இருக்காது, புயலுக்கும் பருவத்துக்கும் நகர்ந்துகொண்டே இருக்கும். சில வருடம் வாயே அடைத்துக்கொண்டு மீனவர்கள் தோண்டச் சொல்லிப் போராட வேண்டி வந்திருக்கிறது. உங்கள் மச்சானைப் போன்றவர்கள் அதைத் தாண்டுவது எப்படி என்றால், வாய்க்கு இந்தப் பக்கம் படகை நிறுத்தி வைத்து, பெரிய அலைகள் வரிசையாக வந்து முடியும்வரை காத்திருந்து, அடங்கும் அந்தச் சின்ன இடைவெளியில் என்ஜினை முழுவேகத்தில் விட்டு ஏறிவிடுவார்கள். தினமும் செய்கிற வேலை, கண்ணுக்கும் கைக்கும் பழகிவிட்டது. ஆனால் அந்த இடைவெளியில் என்ஜின் நின்றுபோனாலோ, புரொப்பல்லரில் வலை சுற்றினாலோ படகு அலைக்குக் குறுக்கே திரும்பிவிடும். குறுக்கே திரும்பிய படகு கவிழும். பெரியவர்கள் கவிழ்ந்த படகைப் பிடித்துக்கொண்டு கிடப்பார்கள். எட்டு வயதுப் பையன் என்ன செய்வான்?

2011ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் அன்று பழவேற்காட்டில் சுற்றிப்பார்க்க வந்த 22 பேர் படகு கவிழ்ந்து இறந்தது உங்களுக்கு நினைவிருக்கும். யாரிடமும் லைஃப் ஜாக்கெட் இல்லை. அதற்குப் பிறகுதான் அங்கே வெளியாட்களைப் படகில் ஏற்றத் தடை வந்தது. தடைக்குப் பிறகும் ஏற்றுகிறவர்கள் உண்டு என்பது வேறு கதை. மச்சான் படகு வாடகைப் படகு இல்லைதான், சொந்தக்காரர் என்று ஏறலாம். ஆனால் படகுக்கு அந்த வித்தியாசம் தெரியாது. அது மீன்பிடிக்கக் கட்டிய படகு. விளிம்பு முழங்கால் உயரம்தான், பிடித்துக்கொள்ளக் கம்பி கிடையாது, உட்காரப் பலகை கிடையாது, காலுக்கடியில் வலையும் கயிறும் ஐஸ் பெட்டியும். வலையில் காலை விட்டுக்கொண்டு நிற்கும் சின்னப் பிள்ளையைப் பார்த்தால் எனக்கு வயிறு கலங்கும்.

"அண்ணன் மட்டும் கூட்டிட்டுப் போகலையா" என்று வீட்டில் கேட்பார்கள். நியாயமான கேள்வி. உங்கள் அண்ணன் போனது அநேகமாகக் கொலம்பியா ஆறு பசிபிக் கடலில் கலக்கும் இடமாக இருக்கும். ஓரிகன் பக்கம் ஆஸ்டோரியா, எதிர்க்கரையில் வாஷிங்டன் மாநிலத்தின் இல்வாக்கோ, இந்த ஊர்களிலிருந்துதான் சால்மன் படகுகள் கிளம்பும். அந்த முகத்துவாரம் நம்முடையதைவிடப் பல மடங்கு பொல்லாதது. 1792 முதல் சுமார் 2,000 கப்பல்களை விழுங்கியிருக்கிறது என்று கணக்குச் சொல்வார்கள். 'பசிபிக்கின் இடுகாடு' என்று அதற்கு ஒரு பெயரே இருக்கிறது. அமெரிக்கக் கடலோரக் காவல்படை, பெரிய அலையில் உயிர்காப்புப் படகு ஓட்டும் பயிற்சிப் பள்ளியை வேறெங்கும் வைக்காமல் அந்த வாயருகே வைத்திருக்கிறது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆனாலும் அங்கே குடும்பத்தோடு போகிறார்கள். எப்படி? கடல் மோசமாக இருக்கும் நாளில் காவல்படையே அந்த வாயை மூடிவிடும். பொழுதுபோக்குப் படகு தாண்டக் கூடாது என்றால் கூடாதுதான். 13 வயதுக்குக் கீழ் உள்ள பிள்ளை, ஓடுகிற பொழுதுபோக்குப் படகின் மேல்தளத்தில் லைஃப் ஜாக்கெட் போடாமல் இருக்கக் கூடாது என்று கூட்டரசு விதி இருக்கிறது. மூடிய அறைக்குள் இருந்தால்தான் கழற்றலாம். காசு வாங்கிக்கொண்டு கூட்டிப்போகும் படகோட்டிக்கு உரிமம் வேண்டும். கவிழ்ந்தால் தேடி வர ஆள் தயாராக நிற்கிறார்கள். நம் பக்கம் முகத்துவாரத்தை மூடுவதற்கு ஆள் இல்லை. அப்பன்தான் மூட வேண்டும்.

இன்னொன்றும் அண்ணனிடம் கேட்டுப் பாருங்கள். அங்கேயே ஏகப்பட்ட பேர் கடலுக்குள் போவதில்லை. ஆற்றுவாய்க்கு உட்பக்கம், 10ஆம் எண் மிதவை என்று பெயர் பெற்ற இடம் ஒன்று இருக்கிறது. ஆகஸ்ட் மாதத்தில் கடலிலிருந்து ஆறு நோக்கி வரும் சால்மனை அங்கே மடக்கிப் பிடிக்க நூற்றுக்கணக்கான படகுகள் நெருக்கியடித்து நிற்கும். மீன் வாயைத் தாண்டி உள்ளே வரத்தானே போகிறது, நாம் எதற்குத் தாண்ட வேண்டும் என்கிற கணக்கு. நம் காலாவும் கரையோர மீன்தான். அந்தக் கணக்கு நமக்கும் பொருந்தும்.

காலாவைப் பற்றிக் கொஞ்சம் சொல்கிறேன், பையனிடம் சொல்ல உங்களுக்குக் கதை வேண்டுமே. வெளிநாட்டுக்கு ஏற்றுமதி செய்கிறவர்களும் ஓட்டல்காரர்களும் இதை 'இந்தியன் சால்மன்' என்று விற்கிறார்கள், ஆனால் அந்த சால்மனுக்கும் இதற்கும் உறவே கிடையாது. பசிபிக் சால்மன் ஆற்றில் பிறந்து, கடலில் சில ஆண்டு வளர்ந்து, பிறந்த ஆற்றுக்கே திரும்பி வந்து முட்டையிட்டுச் செத்துப்போகும். காலா அப்படிப்பட்ட தியாகம் எதுவும் செய்வதில்லை. சேற்றுக் கலங்கலான, ஆழமில்லாத கரையோரத் தண்ணீர்தான் அதற்கு வீடு. முகத்துவாரத்துக்கும் கழிமுகத்துக்கும் இறாலையும் மடவைக் குஞ்சையும் துரத்திக்கொண்டு வரும். பக்கத் துடுப்புக்குக் கீழே நான்கு நீளமான மீசைபோன்ற இழைகள் தனியாகத் தொங்கும். கலங்கிய தண்ணீரில் கண் தெரியாதபோது அந்த இழைகளால் அடித்தரையைத் தடவித்தான் இரை தேடுகிறது. மூக்கு முன்னால் நீண்டிருக்கும், வாய் அதற்கு அடியில் இருக்கும். கண்ணின் மேல் கண்ணாடிபோல ஒரு கொழுப்புப் படலம். இதையெல்லாம்விடப் பையன் வாயைப் பிளக்கப்போகும் சேதி ஒன்று உண்டு: சின்னக் காலா ஆணாக முதிர்ந்து, வளர்ந்து பெரிதானதும் பெண்ணாக மாறும். சந்தையில் நீங்கள் பார்க்கும் பெரிய காலா பெரும்பாலும் ஒருகாலத்தில் ஆணாக இருந்ததுதான்.

இனி இடம். ஏரிக்குள் தூண்டில் போடலாமே, அலை இல்லையே என்று தோன்றும். பழவேற்காடு ஏரி தமிழ்நாட்டுப் பக்கமும் ஆந்திரப் பக்கமும் பறவைகள் சரணாலயம். ஊர்க்காரர்கள் தலைமுறையாகப் பாடு முறை வைத்து, யார் எந்த நாளில் எந்த இடத்தில் வலை கட்டுவது என்று பங்கு பிரித்துத் தொழில் செய்கிறார்கள். வெளியூர் ஆள் நடுவில் போய்த் தூண்டில் போட்டால் வனத்துறையும் கேட்கும், ஊரும் கேட்கும். அதோடு ஏரியில் இரண்டு மாநில எல்லைத் தகராறு எப்போதும் புகைந்துகொண்டுதான் இருக்கும். நீங்கள் சூலூர்ப்பேட்டை வண்டி எண்ணோடு வந்து, குப்பத்து மாப்பிள்ளை என்று சொல்லிக்கொண்டு, ஏரியில் நிற்க வேண்டுமா என்ன. ஸ்ரீஹரிகோட்டாப் பக்கத்துக் கடற்கரையை நினைக்கவே வேண்டாம், அது விண்வெளி மையத்தின் காவலுக்குட்பட்ட நிலம். ராக்கெட் விடும் நாள்களில் அந்தக் கடல் பகுதிக்குள் போகக்கூடாது என்று மீனவர்களுக்கே அறிவிப்பு வரும். அந்த நாள் எது என்று தெரிந்துகொண்டு போனால் பையனுக்கு இன்னொரு கொண்டாட்டம், பழவேற்காட்டுக் கரையிலிருந்தே புகையும் நெருப்பும் தெரியும்.

ஆக, பழவேற்காட்டுப் பாலத்தைத் தாண்டி லைட்ஹவுஸ் குப்பத்துப் பக்கம் இருக்கும் திறந்த கடற்கரைதான் சரி. முகத்துவாரத்திலிருந்து நன்றாகத் தள்ளித் தெற்கே நில்லுங்கள். வாய் அருகே மீன் அதிகம் என்று சொல்வார்கள், உண்மைதான், ஆனால் வற்றும் நேரத்தில் அங்கே கணுக்கால் தண்ணீரே பெரியவனை இழுத்துவிடும். முதலில் மச்சானோடு போய் ஊர்ப் பெரியவர்களிடம் "புள்ளைக்காகத் தூண்டி போடறோம்" என்று ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். கரைவலை இழுக்கும் இடம், படகு ஏறி இறங்கும் தடம் எது என்று அவர்களே காட்டுவார்கள். அந்தத் தடத்தில் தூண்டில் போடக் கூடாது. படகு கரை ஏறும்போது நம் நரம்பு சிக்கினால் வசவு நிச்சயம், அதுவும் பையன் காதுக்கு ஆகாத வசவு.

மாதம் பார்த்தால் ஜனவரி பாதியிலிருந்து மார்ச் வரை நல்லது. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து, புயல் பயம் விட்டு, கடல் தணிந்திருக்கும். வெயிலும் பிள்ளையைச் சுடாது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை கிழக்குக் கடற்கரை முழுவதும் மீன்பிடித் தடைக்காலம், 61 நாள், ஆந்திராவுக்கும் இதே தேதிகள்தான். கரையில் நின்று தூண்டில் போடுவதை அந்தத் தடை தொடாது, ஆனால் அந்த வெயிலில் எட்டு வயதுப் பிள்ளையை மணலில் நிறுத்துவது எனக்கு ஒப்பவில்லை. ஜனவரி முதல் மார்ச் வரை பங்குனி ஆமை கரையேறி முட்டையிடும் காலமும்கூட. விடியற்காலையில் போனால் மணலில் ஆமை ஏறி இறங்கிய தடத்தைப் பார்க்கலாம். வலையில் மாட்டிச் செத்து ஒதுங்கிய ஆமையும் கண்ணில் படலாம், பையன் கேள்வி கேட்பான், உண்மையைச் சொல்லுங்கள். அறுந்த நரம்பை மணலில் விட்டு வராமல் பொறுக்கிப் பையில் போடும் வேலையை அவனிடமே கொடுக்க இதைவிடப் பொருத்தமான சந்தர்ப்பம் கிடைக்காது.

நாள் பார்க்கும்போது வானத்தை மட்டும் நம்ப வேண்டாம். காற்றே இல்லாமல், வானம் நீலமாக இருக்கும்போதே பெரிய அலை திடீரென்று மேலேறி வரும் நாள்கள் உண்டு. கேரளத்துக்காரர்கள் அதைக் கள்ளக்கடல் என்பார்கள். எங்கோ இந்தியப் பெருங்கடலின் தெற்கு மூலையில் அடித்த புயலின் அலை சில நாள் பயணம் செய்து நம் கரைக்கு வந்து சேரும். 2024 மே 6 அன்று கன்னியாகுமரி மாவட்டத்தில் லெமூர் கடற்கரையில் மருத்துவ மாணவர்கள் ஐந்து பேர் இறந்தது இந்தக் கள்ளக்கடல் எச்சரிக்கை இருந்த நாளில்தான். ஐதராபாத்தில் இருக்கும் இன்காய்ஸ் நிறுவனம் கடல் எப்படி இருக்கும் என்று தினமும் அறிவிக்கிறது, இந்தச் சீற்றத்துக்கும் தனியாக எச்சரிக்கை விடுகிறது. போகும் முன்தினம் அதைப் பாருங்கள். அதற்கு மேல் ஒரு சோதனை, குப்பத்துப் படகுகள் அன்று இறங்கினவா என்று பார்ப்பது. எல்லாப் படகும் மணலில் ஏறிக் கிடந்து, ஆட்கள் உட்கார்ந்து வலை பின்னிக்கொண்டிருந்தால் நீங்களும் தூண்டிலை வண்டியிலேயே வையுங்கள்.

நேரம் விடியற்காலை. தண்ணீர் ஏறத் தொடங்கிய முதல் இரண்டு மூன்று மணி நேரம் விடியலோடு சேர்ந்து வரும் ஞாயிறாகப் பார்த்துக்கொள்ளுங்கள். நம் கரையில் நாளுக்கு இரண்டு ஏற்றம், இரண்டு வற்றம். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஏற்றவற்றம் பெரிதாக இருக்கும். எட்டரை மணிக்குள் மூட்டை கட்டிவிட வேண்டும், மீன் கடித்துக்கொண்டிருந்தாலும் சரி. அதற்குப் பிறகு பையனுக்கு வெயிலும் பசியும்தான் மிஞ்சும். "இன்னும் ஒரே ஒரு தடவை" என்று கெஞ்சுவது பெரும்பாலும் அப்பாவாகத்தான் இருக்கும்.

சாமான் விஷயத்தில் கடைக்காரர் சொல்வதையெல்லாம் வாங்க வேண்டாம். பையனுக்கு ஆறு, ஏழு அடியில் லேசான தூண்டில் கம்பி ஒன்று, சின்ன ரீல் ஒன்று போதும். நரம்பு சாதாரண நைலான் தங்கூசியாக இருக்கட்டும், பின்னல் நூல் வேண்டாம். பெரிய மீன் இழுக்கும்போது பின்னல் நூல் சின்ன விரலை அறுத்துவிடும். உங்களுக்குப் பத்து, பன்னிரண்டு அடிக் கம்பி, 60 முதல் 80 கிராம் ஈயம், காலாவுக்கு வட்ட முள், அதாவது நுனி உள்நோக்கி வளைந்த தூண்டில் முள். வட்ட முள்ளில் ஒரு சௌகரியம், மீன் கடித்ததும் வெட்டி இழுக்க வேண்டியதில்லை, அது ஓடினாலே வாய் ஓரத்தில் தானாக மாட்டிக்கொள்ளும். பதறி இழுக்கும் பிள்ளைக்கும் அதனால் வசதி. முள்ளின் நுனிக்குப் பின்னால் எதிர்ப்பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும் சின்னக் கொக்கியைக் குறடால் நசுக்கித் தட்டையாக்கிவிடுங்கள். ஓரிகன், வாஷிங்டன் கடலில் சால்மனுக்கு அந்தக் கொக்கி இல்லாத முள்தான் போட வேண்டும் என்று விதி. பண்ணையில் குஞ்சு பொரித்து ஆற்றில் விட்ட மீனைத் துடுப்பு வெட்டி அடையாளம் வைத்திருப்பார்கள், அடையாளம் இல்லாத காட்டு மீனைப் பல இடங்களில் காயமில்லாமல் திருப்பி விட வேண்டும், அதற்காக. நமக்குக் காரணம் வேறு: முள் மீன் வாயில் ஏறுவதைவிடப் பிள்ளையின் காதில், கையில் ஏறும் வாய்ப்பு அதிகம். கொக்கி நசுக்கிய முள் வந்த வழியே உருவிவிடும். நீங்கள் கம்பியை வீசும்போது பையன் உங்களுக்குப் பின்னால் நிற்கவே கூடாது. தொப்பியும், சாதாரணக் கண்ணாடியாக இருந்தாலும் ஒரு கண்ணாடியும் அவனுக்குப் போட்டுவிடுங்கள்.

இரைக்கு உயிருள்ள இறாலை மிஞ்சியது எதுவும் இல்லை. ஏரிக்கரையில் இருளர் பெண்கள் இடுப்பளவு தண்ணீரில் உட்கார்ந்து, வெறும் கையால் சேற்றைத் தடவி இறால் பிடித்து, பல்லில் கடித்த ஓலைப் பறியில் போட்டுக்கொண்டே போவார்கள். முதல்நாள் மாலையே போய் அவர்களிடம் வாங்குங்கள், பையன் பார்க்கட்டும். எந்தக் கம்பியும் ரீலும் இல்லாமல் மீன்பிடிக்கிற வித்தை அது. பேரம் பேச வேண்டாம்.

இப்போது மிக முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். காலாவை எதிர்பார்த்துப் பையனை உட்கார வைக்காதீர்கள். காலா வருவது அதன் இஷ்டம். பையனுடைய தூண்டிலில் சின்ன முள்ளும் விரல் நகம் அளவு இறால் துண்டும் வைத்து, முதல் அலை உடைந்து அடங்கும் பள்ளத்தில், பதினைந்து இருபது மீட்டர் தூரத்தில் போடச் சொல்லுங்கள். அங்கேதான் கிழங்கான் மேயும். சாண் நீள மீன், டக் டக்கென்று தட்டும், பொறுமை சோதிக்காது. உங்கள் பெரிய கம்பியைப் பிளாஸ்டிக் குழாயில் செருகி மணலில் நட்டுவிட்டு அவன் பக்கத்தில் நில்லுங்கள். காலா கடித்தால் நட்ட கம்பி வில்லாக வளையும், தெரியாமல் போகாது. அப்போது கம்பியை அவன் கையில் கொடுத்து, பின்னால் நின்று நீங்களும் பிடித்துக்கொள்ளுங்கள். முழங்கால் தண்ணீருக்குள் கூட அவனை இறக்க வேண்டாம். உலர்ந்த மணலில் ஒரு கோடு கிழித்து, அலை அந்தக் கோட்டைத் தொட்டால் இருவரும் பின்னால் நகர்ந்து புதுக் கோடு கிழிக்க வேண்டும் என்று விளையாட்டாகச் சொல்லி வையுங்கள். கடலுக்கு முதுகு காட்டி நிற்கக் கூடாது என்பதும் அதோடு சேர்ந்தது. கரையில்தானே நிற்கிறோம் என்று லைஃப் ஜாக்கெட்டை விட்டுவிட வேண்டாம். அவன் எடைக்கு ஏற்றதாக, தொடைக்கிடையில் பட்டை வருகிற மாதிரி வாங்குங்கள். போட்டுவிட்டு அவன் இரண்டு கையையும் மேலே தூக்கச் சொல்லி, தோள்பட்டையில் பிடித்துத் தூக்கிப் பாருங்கள். ஜாக்கெட் மோவாய், காது வரைக்கும் ஏறினால் அது பெரிய அளவு. வளர்வான் என்று பெரிதாக வாங்குவது பள்ளிச் சட்டைக்குச் சரி, இதற்கு ஆகாது.

முக்கால் மணி நேரத்தில் அவனுக்குத் தூண்டில் அலுத்துவிடும். நண்டு துரத்துவான், குழி தோண்டுவான், வாளித் தண்ணீரில் மீதி இறாலை விட்டு வேடிக்கை பார்ப்பான். விடுங்கள். கம்பியைப் பார்த்துக்கொள்ளச் சொல்லி அதட்டினால் அடுத்த ஞாயிறு வரமாட்டான். அலுப்பு வந்ததும் படகு கரை ஏறும் இடத்துக்குக் கூட்டிப்போங்கள். பெண்கள் மீனைக் கூறு கட்டி ஏலம் விடுவதைப் பார்ப்பதில் பாதிப் பிள்ளைகளுக்குத் தூண்டிலைவிட ருசி அதிகம். மாமா படகு எது என்று காட்டி, கரையில் நிற்கும்போது ஏறி உட்கார வைத்துப் படம் எடுத்து அமெரிக்காவுக்கு அனுப்பலாம்.

எந்த மீனைத் தொடலாம், எதைத் தொடக் கூடாது என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். கெளுத்தி வந்தால் அவன் கை வைக்கவே கூடாது. முதுகிலும் இரண்டு பக்கமும் இருக்கும் முள் குத்தினால் விஷக் கடுப்பு உயிரை வாங்கும். திருக்கைக் குட்டியின் வாலிலும் அப்படித்தான். குத்திவிட்டால் பொறுக்கும் அளவு சூடான தண்ணீரில் அந்த இடத்தை அரை மணி முதல் ஒன்றரை மணி நேரம் முக்கி வைத்தால் கடுப்பு அடங்கும், அந்த விஷம் சூட்டுக்குக் கெட்டுப்போகும். வெந்நீர்ச் சூட்டை உங்கள் கையில் பார்த்துவிட்டு அவன் கையை முக்குங்கள், வலியில் அவனுக்குச் சூடு தெரியாது. இதற்காகவே ஒரு பிளாஸ்க் வெந்நீர் வண்டியில் இருக்கட்டும், குத்தாவிட்டால் காபிக்கு ஆகும். முள் உடைந்து உள்ளே நின்றாலோ, ஆழமாகக் குத்தினாலோ பொன்னேரி அரசு மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். தூண்டில் முள் கண்ணுக்கருகே ஏறினால் நீங்கள் உருவப் பார்க்கக் கூடாது, நரம்பை வெட்டிவிட்டு அப்படியே மருத்துவரிடம்தான். பேத்தை மீன் மாட்டினால் அது வயிற்றை ஊதிக்காட்டும் வேடிக்கையைப் பார்த்துவிட்டுத் திருப்பி விடுங்கள், சமைக்கக் கூடாது, அதன் விஷம் கொதிக்க வைத்தாலும் போகாது. கரையில் ஒதுங்கிக் கிடக்கும் சொறி மீனை, அதாவது ஜெல்லி மீனை, குச்சியால் கூடக் கிளற விடாதீர்கள்.

சின்னக் காலா வந்தால் கையை நனைத்துக்கொண்டு பிடித்து, உடனே விட்டுவிடச் சொல்லுங்கள். அது இன்னும் ஆணாகவே முதிராத குட்டி என்று அவனுக்கு விளக்கம் சொல்ல உங்களிடம் கதை இருக்கிறது. வைத்துக்கொள்ளும் மீனைத் துடிதுடிக்க மணலில் போட்டு வைக்காமல், தலையில் ஒரே தட்டாகத் தட்டி ஐஸில் வையுங்கள். பையன் அழலாம். அழுதால் சிரிக்க வேண்டாம், வற்புறுத்தி மீனைக் கையில் திணிக்கவும் வேண்டாம். மீன்காரக் குடும்பத்துப் பேரன் அழுகிறானே என்று மாமியார் வீட்டில் யாராவது கிண்டல் செய்வார்கள், அதை நீங்கள்தான் தடுக்க வேண்டும்.

ஒன்றுமே கடிக்காத நாளும் உண்டு. அன்றைக்கு ஏலத்தில் ஒரு காலா வாங்கிக்கொண்டு போய், வாங்கியது என்றே சொல்லிச் சமைக்கச் சொல்லுங்கள். "நம்ம புள்ள புடிச்சது" என்று ஊருக்கெல்லாம் படம் அனுப்பினால் அவனுக்கே உள்ளுக்குள் உறுத்தும். கிழங்கானாக இருந்தால் முழுசாக மசாலா தடவிப் பொரித்தால் போதும். காலாவுக்கு முள் குறைவு, சதை கெட்டி, பிள்ளைக்குப் பயமில்லாமல் கொடுக்கலாம். மாங்காய் போட்டுக் குழம்பு வைத்தால் மறுநாள் காலை இட்லிக்குத்தான் அது நன்றாக இருக்கும்.

படகு எப்போது என்று அவன் விடாமல் கேட்டால் ஒரு பதில் வைத்திருங்கள். முதலில் நீச்சல், சட்டை போட்டுக்கொண்டே நீந்தி மிதக்கத் தெரிய வேண்டும். அதற்குப் பிறகு, வயது பன்னிரண்டு பதின்மூன்று ஆனதும், ஜனவரி பிப்ரவரியில் கடல் தணிந்த ஒரு நாளில், ஏற்றம் முடிந்து தண்ணீர் நின்றிருக்கும் நேரம் பார்த்து, படகில் எல்லோருமே ஜாக்கெட் போட்டிருந்தால் போகலாம். எல்லோரும் என்றால் மச்சானும்தான். அவர் போட மாட்டார், "நான் பொறந்ததே கடல்ல" என்பார். அவர் போடும்வரை பையன் ஏறமாட்டான் என்று சொல்லிவிடுங்கள், மருமகன் மேல் இருக்கும் பாசத்தில் ஒருநாள் போட்டுக்கொள்வார்.